இரவு விமானத்தின் கறுப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போரில் கல்கத்தாவின் இரவு வானத்தைக் காத்த பிரிட்டிஷ் விமானப்படையின் 176-ஆம் ஸ்க்வாட்ரனை (படைப்பிரிவை)ப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவர்கள் ஓட்டிய போஃபைட்டர் விமானத்தின் மாடல் கிட் ஒன்றை வாங்கினேன். டாமியா கம்பெனியுடையது, 1/48 அளவு, அதாவது நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு. நான் கட்டும் முதல் இரட்டை எஞ்சின் விமானம் இது. ஒட்டி முடித்து, கடையில் கிடைத்த மேட் கறுப்பு ஸ்ப்ரேயை அடித்தேன். இப்போது கரிக்கட்டை மாதிரி இருக்கிறது. பேனல் கோடு (உடல் தகடுகள் சேரும் கோடு), கதவு, இறக்கையின் வளைவு எதுவுமே கண்ணில் படவில்லை. மாடல் கட்டும் நண்பர் ஒருவர், ‘நைட் ஃபைட்டர் எல்லாம் சாம்பல் நிறம்தான், கறுப்பை அழித்துவிட்டு மறுபடி அடி’ என்கிறார். யார் சொல்வது சரி?

இன்னொன்று. அப்பா இதைப் பார்த்துவிட்டு, ‘ஆளைக் கொல்லப் பறந்த எந்திரத்தை மடியில் வைத்துக் கொஞ்சுகிறாயே’ என்றார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

கறுப்பும் சரி, சாம்பலும் சரி. எந்த வருடம் என்பதில்தான் வேறுபாடு. எதையும் அழிக்க வேண்டாம்.

1940-இன் கடைசியில் பிரிட்டிஷ் விமானப்படை தன் இரவு விமானங்களுக்கென்றே ஒரு கறுப்பைக் கொண்டுவந்தது. ‘ஸ்பெஷல் நைட்’ என்று பெயர். ஒளியைக் கொஞ்சமும் திருப்பி அனுப்பக் கூடாது என்று புகைக்கரியைப் போலச் சொரசொரப்பாகச் செய்த பெயிண்ட் அது. தொட்டால் கையில் ஒட்டும், சீக்கிரம் உதிரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சொரசொரப்பு காற்றைப் பிடித்து இழுத்து விமானத்தின் வேகத்தைக் குறைத்தது. எதிரியை விரட்டிப் பிடிக்க வேண்டிய விமானத்துக்கு இது பெரிய நஷ்டம். வழவழப்பான சாதாரணக் கறுப்புக்கு மாறினார்கள். 1942-இன் பிற்பகுதியில் அதையும் கைவிட்டு, உடல் முழுக்க நடுத்தரச் சாம்பல், மேல்பக்கம் மட்டும் அதன்மேல் கரும்பச்சைத் திட்டுகள் என்று முடிவுசெய்தார்கள். உங்கள் கிட் ஆறாம் மார்க், அதாவது ஆறாவது வடிவப் போஃபைட்டர். அது படைக்கு வந்ததே 1942-இல்தான். கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறிய அதே வருடம். நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், சண்டை தீர்ந்துவிடும்.

ஆனால் ஏன் மாறினார்கள் என்பதுதான் எனக்கு இந்த விமானங்களிலேயே மிகவும் பிடித்த விஷயம். இரவு வானம் கறுப்பு என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊர்ப்பக்கம் போனால், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மொட்டைமாடியில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். கண் பழகியதும் தெரியும்: தென்னை ஓலைதான் கறுப்பு, அதற்குப் பின்னால் இருக்கும் வானம் அதைவிட வெளிச்சம். நிலா இல்லாவிட்டாலும் அப்படித்தான். அந்த வானத்தின் முன்னால் தார்போலக் கறுத்த ஒரு விமானம் வந்தால், ஓலை தெரிகிற மாதிரியே அதுவும் வெட்டியெடுத்த உருவமாகத் தெரியும். மறைவதற்காகப் பூசிய நிறமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

ஜெர்மானியரும் இதே பாதையில்தான் வந்தார்கள். 1940-இல் அவர்களுடைய மெஸ்ஸர்ஷ்மிட் 110 இரவு விமானங்கள் முழுக் கறுப்பு. 1943-இல் பார்த்தால் வெளிறிய நீலச்சாம்பல், மேலே கருஞ்சாம்பல் புள்ளிகள். படத்தில் முதன்முறை பார்ப்பவர்கள் இதைப் பகல் விமானம் என்றே நினைப்பார்கள். அமெரிக்கர்கள் நேர் எதிராகப் போனார்கள். நார்த்ரப் பி-61 ‘பிளாக் விடோ’ முதலில் ஆலிவ் பச்சையில் வந்தது, அப்புறம் கண்ணாடிபோல மின்னும் கறுப்புக்கு மாறியது. அவர்களுடைய சோதனையில் தேடுவிளக்குதான் முக்கியமாக இருந்தது. மேட் பெயிண்டில் விழும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறும், அதில் ஒரு பங்கு கீழே நிற்பவன் கண்ணுக்கும் வரும். பளபளப்பில் விழும் ஒளி ஒரே திசையில் தெறித்து எங்கோ போய்விடும். ஆக, பிளாக் விடோ கட்டுகிறவர் பளபளப்புக்குப் பயப்பட வேண்டாம். அங்கே அதுதான் சரித்திரம்.

இந்த நிறமெல்லாம் எவ்வளவு தூரத்துக்கு உதவியது என்று தெரிந்துகொண்டால் மாடலைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். போஃபைட்டரின் மூக்கில் அம்புமுனை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது ரேடாரின் அனுப்பும் ஆன்டெனா. இறக்கைகளில் இருக்கும் சிறு கம்பிகள் எதிரொலியைப் பெறுபவை. ரேடார் ஆபரேட்டர் விமானியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. நடு உடலுக்கும் பின்னால், அந்தக் கண்ணாடிக் குமிழுக்குக் கீழே தனியாக இருந்தார். அவர் முன்னால் இரண்டு சிறு திரைகள். எதிரி இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒன்று காட்டும், மேலேயா கீழேயா என்று இன்னொன்று காட்டும். அதைப் பார்த்து அவர் பேசிக்கொண்டே வர, எதையும் பார்க்காத விமானி அவர் குரலை நம்பி ஓட்டினார். அந்த நான்காம் மார்க் ரேடாரால், விமானம் பறக்கும் உயரத்தைவிட அதிக தூரத்துக்குப் பார்க்க முடியாது. 15,000 அடியில் பறந்தால் சுமார் 15,000 அடி தூரம்தான், அதற்கப்புறம் தரையின் எதிரொலி திரையை மூடிவிடும். மிகவும் நெருங்கினாலும் வேலைக்காகாது. சுமார் 400 அடிக்குள் திரை எதையும் சொல்லாது.

அந்த இடத்தில் விமானி நிமிர்ந்து தன் கண்ணால் பார்த்தாக வேண்டும். அது எதிரியா, நம்மவனா? பின்னாலிருந்து, கொஞ்சம் கீழிருந்து மெதுவாக ஏறி, வானத்தின் முன்னால் அந்த உருவத்தையும் எஞ்சின் புகைபோக்கியின் மங்கிய சிவப்பையும் தேடுவார். அதே நேரம் மேலே இருக்கும் விமானத்தின் துப்பாக்கிக்காரர் கீழே இருட்டைத் துழாவிக்கொண்டிருப்பார். நீங்கள் பூசும் பெயிண்ட் இந்தச் சில நூறு அடிக்கானது. 1940 நவம்பர் 19 இரவு, 604-ஆம் ஸ்க்வாட்ரனின் ஜான் கன்னிங்ஹாமும் ஆபரேட்டர் ஃபிலிப்சனும் யூங்கர்ஸ் 88 என்ற ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வீழ்த்தினார்கள். ரேடார் வைத்த போஃபைட்டருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அதுவரை லண்டன்மேல் இரவில் வந்த குண்டுவீச்சு விமானங்கள் அநேகமாகத் தடையே இல்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தன.

சரி, உங்கள் மேசைக்கு வருவோம்.

1/48 மாடலை ஒரு அடி தள்ளி வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால், நிஜ விமானத்தைப் பதினான்கு பதினைந்து மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்துக் காற்று எந்தக் கறுப்பையும் கொஞ்சம் வெளுக்க வைக்கும். டப்பாவிலிருந்து அப்படியே எடுத்த சுத்தக் கறுப்பு மாடலில் எப்போதுமே பொய்யாகத் தெரிவது அதனால்தான். நீங்கள் அடித்த கறுப்பை அடிப்பூச்சாக வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் டாமியாவின் எக்ஸ்எஃப்-69 அல்லது எக்ஸ்எஃப்-85-ஐ (இரண்டும் சாம்பல் சாயல் கொண்ட கறுப்புப் பெயிண்ட்) தின்னரில் நன்றாக நீர்க்கவிட்டு, ஏர்பிரஷ்ஷில் அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு பேனலின் நடுவிலும் ஒழுங்கில்லாத சிறு கிறுக்கல்களாக அடியுங்கள். ஒழுங்கில்லாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோட்டை ஒட்டிக் கறுப்பு, நடுவில் சாம்பல் என்று எல்லாப் பேனலும் ஒரே மாதிரி வந்தால் செயற்கையாகிவிடும். பிறகு சாம்பலில் துளி பழுப்பு கலந்து, வெயில் நேராக விழும் இறக்கை மேற்புறத்திலும் உடலின் முதுகிலும் மட்டும் ஒரு மெல்லிய படலம். துணி போர்த்திய சுக்கானுக்குச் சாயலைச் சற்றே மாற்றுங்கள். ஒரே பெயிண்ட் ஆனாலும் துணியில் வேறு மாதிரிதான் வெளுக்கும்.

பேனல் கோடுகளுக்குக் கறுப்பு வாஷ் (கோடுகளுக்குள் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட்) போட்டால் இங்கே எதுவும் தெரியாது. கோடுகள் சுற்றியிருப்பதைவிட வெளிறியிருக்க வேண்டும். நடுச்சாம்பலில் கொஞ்சம் மண்நிறம் கலந்த ஆயில் பெயிண்ட் போதும். விட்டுத் துடைத்தால் கதவும் பீரங்கிப் பள்ளங்களும் தாமாக எழுந்து வரும். அலுமினிய நிறக் கீறல்களை விமானி ஏறும் இடத்திலும் எஞ்சின் மூடிகளின் திருகுகளைச் சுற்றியும் மட்டும் வையுங்கள். கறுப்பின்மேல் வெள்ளி அழகாக இருக்கிறது என்று கை ஓடிக்கொண்டே போகும், அடக்க வேண்டும்.

எஞ்சின் மூடியின் முன்வளையத்தைக் கறுப்பில் விடாதீர்கள். ஹெர்குலிஸ் எஞ்சினில் புகை முன்பக்கமாக வந்து அந்த வளையத்தில்தான் சேரும். நாளெல்லாம் சூட்டில் வெந்த உலோகம் அது. வெண்கலம், பழுப்பு, இடையிடையே லேசான ஊதா என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். முழுக் கறுப்பு விமானத்தில் நிறம் விளையாட உங்களுக்குக் கிடைக்கும் ஒரே பெரிய இடம் இதுதான். நான் என்றால் ஒரு மாலை முழுவதையும் இதற்கே கொடுப்பேன்.

டெகால் (சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டுவதற்கு முன்பு பளபளப்பு வார்னிஷ் கட்டாயம். மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிப்பூச்சு மாதிரி மினுங்கும். கறுப்பில் அது பத்து மடங்கு தெரியும். ஸ்க்வாட்ரன் எழுத்துகள் மங்கிய சிவப்பு, பளிச்சென்ற சிவப்பாக விடாமல் மேலே மெல்லிய கருஞ்சாம்பல் படலம் ஒன்று ஓட்டுங்கள். மேட் வார்னிஷ் கடைசியில். அதை மழை நாளில் அடிக்க வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் வார்னிஷ் பால் மாதிரி வெளுத்துவிடும்.

வட்டச் சின்னத்தில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்று 1943-இன் நடுவில் இந்தியப் பகுதி விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள், நீலமும் வெள்ளையும் மட்டும். 1943 ஜனவரிக் கல்கத்தா என்றால் சிவப்பு இருக்க வேண்டும். அந்த வருடம் அக்டோபரில் 89-ஆம் ஸ்க்வாட்ரன் தன் போஃபைட்டர்களோடு வவுனியாவுக்கு வந்தது. அந்த விமானத்தைச் செய்ய ஆசைப்பட்டால் சிவப்பு கூடாது. எதுவானாலும் முதலில் ஸ்க்வாட்ரனையும் மாதத்தையும் முடிவுசெய்து, புகைப்படம் தேடி, அப்புறம் பெட்டியிலுள்ள தாளைப் பாருங்கள்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதைச் சுற்றிவளைத்துத் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. ஆம், இது ஆளைக் கொன்ற எந்திரம். வயிற்றில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள், இறக்கைகளில் ஆறு எந்திரத் துப்பாக்கிகள். பின்னாலிருந்து, பார்க்காத ஆளைச் சுட்டது. 1942 டிசம்பர் 20 முதல் கல்கத்தாமேல் ஜப்பானியரின் குண்டு விழத் தொடங்கியபோது லட்சக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு நகரைவிட்டு ஓடினார்கள். ரேடார் இல்லாத ஹரிக்கேன் போர்விமானங்களால் இரவில் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜனவரி நடுவில் கல்கத்தாவின் டம்டம் விமானதளத்துக்கு போஃபைட்டர்கள் வந்தன. 15-ஆம் தேதி இரவு பிரிங் என்ற விமானி சில நிமிடங்களில் மூன்று குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார். நகரம் மூச்சுவிட்டது. அந்த மூன்று விமானங்களிலும் இளைஞர்கள் இருந்தார்கள். பிரிங்கும் அதே வருடம் டிசம்பர் 5 அன்று கல்கத்தாவுக்கு மேலேயே, பகல் தாக்குதலில் இறந்தார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் கட்டுகிறேன். தெரிந்துகொண்டதே கட்டியதால்தான். ஆபரேட்டரின் சின்ன இருக்கையை ஒட்டும்போது அவருக்குக் கால் நீட்ட இடமில்லை என்பது விரலுக்குத் தெரிகிறது, வெளியேற வேண்டிய கதவு எங்கே என்று தேடத் தோன்றுகிறது. புத்தகத்தில் நான் அதைத் தேடியதில்லை. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த இருக்கையைக் காட்டி, அங்கே இருந்தவர் என்ன செய்தார் என்று சொல்லுங்கள். அதற்கப்புறமும் அவருக்கு இது பிடிக்கவில்லை என்றால் அது அவர் உரிமை, வாதாட வேண்டாம்.

கடைசியாக, அந்த அம்புமுனை ஆன்டெனா. மூக்கை உப்புத்தாளால் தேய்க்கும்போதும் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போதும் நிச்சயம் உடையும். இப்போதே ஒட்டிவிட்டீர்கள் என்றால் மெதுவாகக் கழற்றி எடுத்துவையுங்கள். இறக்கைக் கம்பிகளையும் அப்படியே. எல்லா வார்னிஷும் காய்ந்தபிறகு, துளி வெள்ளைப் பசையில் ஒட்டினால் போதும்.

அன்புடன்