காசில்லாத வேலையில் என்ன சுகம்?

கேள்வி: என் மகன் ராத்திரி பதினோரு மணி வரை விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் பழைய புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறான். பைசா வராத வேலை. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: நானும் உங்கள் மகன் கட்சிதான், அம்மா. ஒரே ஒரு பக்கம் என்றுதான் உட்கார்ந்தேன். புத்தகப் பக்கத்தின் படத்தைக் கணினி படித்து எழுத்தாக்கிக் கொடுத்ததில் 'கால்' என்பது 'கரல்' என்று நின்றது. துணைக்காலையும் ரகரத்தையும் குழப்புவது அதன் வழக்கம். திருத்திச் சேமித்தேன்; பக்கம் மஞ்சளானது, ஒருவர் மெய்ப்புப் பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளம். பச்சையாக வேண்டுமென்றால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், நாமே ஆக்கிக்கொள்ள முடியாது. மறுநாள் காலை பார்த்தால் பச்சை! நான் விட்டிருந்த இரண்டு ஒற்றுகளையும் யாரோ சேர்த்திருந்தார். முகம் தெரியாத ஒருவர் நம் பக்கத்தை வரி வரியாகப் படித்திருக்கிறாரே என்ற சந்தோஷம்தான் மறுபடி இழுத்தது. தமிழ்த்தொண்டு என்ற நினைப்பெல்லாம் அப்புறம் வந்ததுதான். (சந்திப் பிழைக்காகச் சண்டையும் நடக்கும். அதுவும் ஒரு ருசி.) 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலும் தன்னார்வலர்கள்தான் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்பும் பார்த்தார்கள்.

சரி, பதினோரு மணிக்கு மேல் போனால் மட்டும் விளக்கை அணைத்துவிடுங்கள்.