கன்ஃபார்ம் ஆன விஷயத்துக்கு வுட் எதுக்கு?

கேள்வி: ஏற்காட்டுல ஒரு ரிசார்ட்ல ஃப்ரன்ட் ஆபீஸ்ல இருக்கேன் மேடம். சேலம் ஜங்ஷன்ல வந்து இறங்குற வெளிநாட்டு கெஸ்ட் ஒருத்தருக்கு "யுவர் கேப் வுட் ரீச் தி ஸ்டேஷன் அட் சிக்ஸ்"னு வாட்ஸப் போட்டேன். வண்டி வருமா வராதா, தெளிவா சொல்லுங்கன்னு ரிப்ளை வந்துச்சு. வில்லை விட வுட் மரியாதைன்னு நினைச்சுதான் போட்டேன். வுட் எங்கெல்லாம் போடணும், எங்க போடக்கூடாது?

பதில்: தம்பி, மரியாதையா எழுதணும்னு நீங்க நினைச்சது நல்ல விஷயம், ஆனா அந்த இடத்துல வுட் மரியாதையை குடுக்கல, சந்தேகத்தைத்தான் குடுத்துச்சு. படிச்சவருக்கு "வண்டி ஆறு மணிக்கு வரும், ஆனா..."ன்னு பாதியில விட்ட மாதிரி இருந்திருக்கும். முடிவான விஷயம்னா வில் போடுங்க, "யுவர் கேப் வில் பி அட் தி ஸ்டேஷன் அட் சிக்ஸ்", அவ்வளவுதான், இதுல மரியாதைக்குறைவு ஒன்னுமே இல்லீங்க. "ஐ வுட் பி ஆன் லீவ் டுமாரோ", "தி மீட்டிங் வுட் ஸ்டார்ட் அட் டென்"னு எல்லாம் நம்ம ஊர் ஆபீஸ் மெயில்ல தினமும் பாக்கலாம், நமக்குள்ள அது புரிஞ்சு போயிடுது, வெளிநாட்டுக்காரங்க படிக்கும்போதுதான் மாட்டிக்குறோம்.

வுட் வில்லோட பாஸ்ட் டென்ஸ்னு ஸ்கூல்ல சொன்னது தப்பில்ல, பாதி உண்மை. வுட் வர்ற எல்லா இடத்துலயும் ஒரு தள்ளி நிக்கிற தன்மை இருக்கும். ஒன்னு, காலத்துல தள்ளி, அதாவது பழசு. இல்லைன்னா நிஜத்துல இருந்து தள்ளி, அதாவது நடக்காதது, நடந்தா எப்படின்னு யோசிக்கிறது. அதுவும் இல்லைன்னா எதிர்ல இருக்கிறவங்கள நேரா இடிக்காம மரியாதைக்கு ஒரு அடி தள்ளி. உங்க வண்டி இந்த மூணுலயும் சேராது பாருங்க, டிரைவர்கிட்ட பேசி நேரம் சொல்லியாச்சு, அப்புறம் எதுக்கு தள்ளி நிக்கணும்?

நமக்கு ஏன் இது குழப்புதுன்னா, தமிழ்ல 'போவேன்'ங்கிற ஒரே வார்த்தை எல்லா வேலையும் பாத்துடும். "நாளைக்கு போவேன்"னா வில். "சின்ன வயசுல தினமும் ஏரிக்கு போவேன்"னா வுட். "எங்கிட்ட கார் இருந்தா தினமும் போவேன்", கார் இல்லைங்கிறதால இதுவும் வுட். அதனால இங்கிலீஷ்ல எழுதுறதுக்கு முன்னாடி 'வரும், போகும், செய்வோம்'ங்கிறதை நிஜமா இனிமே நடக்கப்போறதுக்கு சொல்றோமா, இல்ல பழசையோ கற்பனையையோ சொல்றோமான்னு ஒரு செகண்ட் பாத்துக்கோங்க. எனக்கு தெரிஞ்சு தமிழ் பேசுறவங்களுக்கு இதைவிட சுருக்கு வழி இல்ல.

நடக்காம போனதுக்கு தமிழ் இன்னும் நல்லாவே கைகொடுக்கும். "நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்போம்", இதுல 'அனுப்பியிருப்போம்' அப்படியே வுட் ஹேவ் சென்ட். "இஃப் யூ ஹேட் டோல்ட் அஸ், வீ வுட் ஹேவ் சென்ட் எ கேப்." இஃப் இருக்கிற பக்கம் வுட் போடாதீங்க, "இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட்"னு நிறைய பேர் சொல்றாங்க, எழுதும்போது அதை தவிர்த்துடுங்க. ஒரு விதிவிலக்கு உங்க வேலைக்கே ஆகும்: ரூமுக்கு கூட்டிட்டு போகும்போது "இஃப் யூ வுட் ஃபாலோ மீ, ப்ளீஸ்"னு சொல்லலாம், அங்க வுட் கண்டிஷனுக்காக வரல, 'வர்றீங்களா'ன்னு பணிவா கேக்குறதுக்காக வருது.

பழைய பழக்கத்துக்கு வுட் வரும்னு சொன்னேன் இல்லையா, அதுல ஒரு குழி இருக்கு. திரும்ப திரும்ப செஞ்ச செயலுக்குத்தான் வரும், இருந்த நிலைமைக்கு வராது. ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச்சை பாத்துட்டு கெஸ்ட் என்னன்னு கேட்டா, "தேர் வுட் பி எ ஸ்டுடியோ ஹியர்"னு சொல்லக்கூடாது, "தேர் யூஸ்ட் டு பி எ ஃபிலிம் ஸ்டுடியோ ஹியர்". 1935-ல டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்சது, நம்ம சேலத்துக்கே பெருமை, அதையும் சேத்து சொல்லுங்க. அடுத்த வாக்கியத்துல "ஆக்டர்ஸ் வுட் கம் ஃப்ரம் மெட்ராஸ்"னு போட்டா சரி, வந்து போறது செயல்.

வுடன்ட் பத்தியும் சொல்லணும், எனக்கு பிடிச்ச இடம் இது. "வண்டி ஸ்டார்ட் ஆகவே மாட்டேன்னுருச்சு"ன்னு சொல்றோம்ல, உயிரில்லாத வண்டி அடம் பிடிக்கிற மாதிரி, இங்கிலீஷும் அதே மாதிரிதான் சொல்லும்: "தி கார் வுடன்ட் ஸ்டார்ட்." ஆரம்ப காலத்துல வில்லுக்கு 'விரும்பு'ன்னுதான் அர்த்தம், அந்த வாசனை இதுல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

மரியாதைக்கு வருவோம். கேக்கும்போதும் குடுக்கும்போதும் வுட் ரொம்ப அழகு. "டூ யூ வான்ட் காஃபி?"க்கு பதிலா "வுட் யூ லைக் சம் காஃபி?", "ஐ வான்ட் யுவர் ஐடி"க்கு பதிலா "ஐ வுட் லைக் டு சீ யுவர் ஐடி, ப்ளீஸ்." நம்ம பக்கம் பேச்சுல 'ங்க' சேக்குறோமே, அந்த வேலை. தகவல் சொல்லும்போது இது தேவையில்ல. அப்புறம் "வுட் யூ மைன்ட் வெயிட்டிங்?"னு கேட்டா அர்த்தம் 'வெயிட் பண்றதுல உங்களுக்கு சங்கடமா?'ங்கிறது, அதனால சம்மதம்னா பதில் "நோ, நாட் அட் ஆல்". கெஸ்ட் "நோ"ன்னு சொன்னதும் முடியாதுங்கிறார்னு நீங்க முகம் சுருங்கிடாதீங்க.

பேச்சுல வுட் சுருங்கி வெறும் 'ட்' ஆயிடும், ஐ வுட் 'ஐட்' ஆகும், யூ வுட் 'யூட்' ஆகும். ஆனா 'யூட் பெட்டர்'ல இருக்கிறது வுட் இல்ல, ஹேட். சாயங்காலம் கீழ இறங்குற கெஸ்ட்கிட்ட "யூட் பெட்டர் லீவ் பிஃபோர் டார்க்"னு சொன்னா எச்சரிக்கிற மாதிரி கடுசா விழும். 20 ஹேர்பின் பெண்ட், மேல பனி வேற, சொல்லத்தான் வேணும், அதை "இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் லீவ் பிஃபோர் டார்க்"னு சொல்லுங்க, நான் உங்க இடத்துல இருந்தா இருட்டுறதுக்குள்ள கிளம்பிடுவேன்னு அக்கறையா கேக்கும்.