ஸ்டெம் செல் ஏற்றினால் இன்சுலினை நிறுத்திவிடலாமா?

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "மகளுக்கு 13 வயது. மூன்று வருடமாக டைப் 1 சர்க்கரை, தினம் நான்கு ஊசி. ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஏற்றினால் இன்சுலினே வேண்டாம் என்கிறார்கள். ஆறு லட்சம் ஆகுமாம். வெளிநாட்டில் குணமானதாகச் செய்தியும் பார்த்தேன். நிலத்தை விற்றுவிடலாமா?"

விற்காதீர்கள் ஐயா. யார் சொன்னாலும் பிள்ளையின் இன்சுலினை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். டைப் 1-ல் இன்சுலின் நின்றால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

நீங்கள் பார்த்த செய்தி பொய்யில்லை. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். அதிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த, இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுச் செல்களை 12 பேருக்கு, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தினார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களில் 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஜிமிஸ்லெசெல் என்ற அந்தச் சிகிச்சையின் முடிவு 2025 ஜூனில் வெளியானது. இத்தனை வருடம் இந்த நோயைப் பார்த்துவரும் எனக்கு அதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது.

ஆனால் அதில் சேர்ந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள். முன்னறிகுறியே இல்லாமல் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும் நிலையில் இருந்தவர்கள். டைப் 1 என்பது வேலியே பயிரை மேய்கிற நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புசக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறது. புதுச் செல்லை வைத்தாலும் விடாது. அதனால் எதிர்ப்புசக்தியை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். தொற்று வரலாம், சிறுநீரகம் பாதிக்கலாம். இன்சுலினில் நன்றாக இருக்கும் வளரும் பிள்ளைக்கு அந்த விலை அதிகம் என்பதே என் கருத்து.

சுவீடனின் உப்சாலாவில், எதிர்ப்புசக்தியின் கண்ணில் படாதபடி மரபணு திருத்திய செல்களை ஒருவருடைய முன்கைத் தசையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த மாத்திரைகள் இல்லாமலே செல்கள் பிழைத்து இன்சுலின் சுரந்தன. வைத்தது சிறிய அளவுதான் என்பதால் அவர் இன்னும் ஊசி போடுகிறார். இருந்தாலும் உங்கள் மகளுக்கு வழி திறந்தால் இந்தப் பக்கமிருந்துதான் திறக்கும் என்று நம்புகிறேன்.

சரி, அந்தக் கிளினிக் தருவது என்ன? இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுத்த செல்லைத்தான் திரும்ப ஏற்றுகிறார்கள். அது பீட்டா செல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறைப்படி, சர்க்கரை நோய்க்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் அவர்களுடைய பதிவு எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஆறு லட்சம் கேட்கிறார்கள் என்றாலே எழுந்து வந்துவிடலாம்.

கையில் இருக்கும் பணத்தில் குளுக்கோமீட்டர் ஸ்டிரிப் தாராளமாக வாங்குங்கள், முடிந்தால் தோலில் ஒட்டும் சென்சாரும். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். மதுரை ராஜாஜி மருத்துவமனையில் கேளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மருந்து கெட்டுவிடும். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் ஒரு மண்பானைக்குள் இன்னொரு சின்னப் பானையை வைத்து, நடுவே ஈர மணல் நிரப்பி, உள்பானையில் மருந்தை வையுங்கள். அப்புறம், வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்: சர்க்கரை இறங்கி பிள்ளைக்கு வியர்த்து, கை நடுங்கினால் உடனே குளுக்கோஸோ சர்க்கரையோ கொடுக்க வேண்டும்.