பாதியில் நின்ற வேலை: வொர்க்ஃப்ளோ எஞ்சின் கேள்வி-பதில்

கேள்வி: குறித்த நேரத்தில் வேலையை ஓட்டக் கிரான் இருக்கிறது, சர்வீஸ்களுக்கிடையே சேதி அனுப்ப மெசேஜ் கியூ இருக்கிறது. பல படிகள் கொண்ட வேலையை வரிசையாக ஓட்டும் வொர்க்ஃப்ளோ எஞ்சின் வேறு எதற்கு?

இரண்டு மூன்று படிகளில் முடிகிற வேலைக்குத் தேவையே இல்லை. ஆறு டீம்களின் சர்வீஸ்களைத் தொட்டுப் போகும் ஓர் ஆர்டர் நடுவில் நின்றுபோய், "எங்கே மாட்டியது?" என்று ஒவ்வொரு டீமின் லாகையும் தோண்டும்போதுதான் அதன் அருமை தெரியும். கியூ சேதியைக் கைமாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எஞ்சினோ முடிந்த படிகளைக் குறித்து வைத்துக்கொள்கிறது. ஒரு சர்வர் செத்தாலும் இன்னொன்று அந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கேள்வி: எஞ்சின் ஒரு படியை ரீட்ரை செய்ததில் (மறுபடி முயன்றதில்) வாடிக்கையாளரிடம் இருமுறை பணம் எடுத்துவிட்டோம். எஞ்சினில் பக் இருக்கிறதா?

அநேகமாக இல்லை. பணம் எடுத்தாயிற்று, "முடிந்தது" என்று பதிவதற்குள் அந்தப் படியை ஓட்டிய புரோகிராம், அதாவது வொர்க்கர், விழுந்துவிட்டது. எடுத்ததா இல்லையா என்று எஞ்சினுக்கு எப்படித் தெரியும்? மறுபடி ஓட்டும். ஆகவே ஒவ்வொரு படியும் இருமுறை ஓடினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி எழுதுவது உங்கள் பொறுப்பு.

பேமென்ட் கேட்வேக்கு ஐடெம்போடென்சி கீ அனுப்புங்கள்: அதே கீ மறுபடி வந்தால் இது பழைய கோரிக்கைதான் என்று அறிந்து கேட்வே இன்னொரு முறை பணம் எடுக்காது. பலர் சறுக்குவது இங்கேதான்: அந்தக் கீயைப் படிக்குள்ளேயே ரேண்டமாக உருவாக்குவார்கள். ஒவ்வொரு ரீட்ரைக்கும் புதுக் கீ என்றால் கீ இருந்தும் இல்லாததுபோலத்தான். வொர்க்ஃப்ளோ ஐடியையும் படியின் பெயரையும் சேர்த்து உருவாக்கினால் மாறாது.

பின்னால் ஏதாவது தோற்றால் பணத்தைத் திருப்பித் தரவும் ஒரு படி வேண்டும். 1987-ல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் எழுதிய 'சாகா' ஆய்வுக்கட்டுரையின் யோசனை இது. ரீஃபண்ட் படியும் ரீட்ரை ஆகும் என்பதை மறக்காதீர்கள். மின்னஞ்சல் போல திரும்பப் பெற முடியாதவற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

கேள்வி: ஏர்ஃப்ளோவா, டெம்போரலா?

இரண்டும் வொர்க்ஃப்ளோ எஞ்சின்கள்தான், ஆனால் ஒரே வேலைக்கானவை அல்ல. ஏர்ஃப்ளோ 2014-ல் ஏர்பிஎன்பியில் டேட்டா பைப்லைன்களுக்காக, அதாவது தரவைப் படிப்படியாக எடுத்து மாற்றிச் சேர்க்கும் வேலைகளுக்காகப் பிறந்தது. இரவில் மொத்தமாக ஓட்டும் பேட்ச் வேலைகளுக்கு அருமை. ஆர்டருக்கு ஒரு வொர்க்ஃப்ளோ என்று லட்சக்கணக்கில் ஓட வேண்டுமானால் ஊபரின் கேடன்ஸிலிருந்து பிரிந்து வளர்ந்த டெம்போரல் பொருந்தும். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் இருந்தால் அதன் வொர்க்ஃப்ளோ சேவையான ஸ்டெப் ஃபங்ஷன்ஸையும் பாருங்கள். அதன் ஸ்டாண்டர்ட் வகை ஓராண்டு வரை ஓடும்.

கேள்வி: டெம்போரலில் நடுவே ஒரு படியைச் சேர்த்து டிப்ளாய் செய்தோம் (புதுப் பதிப்பை ஓடவிட்டோம்). ஓடிக்கொண்டிருந்த பழைய வொர்க்ஃப்ளோக்கள் எரர் அடிக்கின்றன.

டெம்போரல் பழைய நிலையை மீட்க, உங்கள் நிரலையே முதலிலிருந்து ஓட்டி, பதிவான வரலாற்றோடு ஒப்பிடும். வரலாற்றில் இல்லாத படி எதிர்ப்பட்டால் திகைத்து நின்றுவிடும். வொர்க்ஃப்ளோ நிரலுக்குள் நேரடியாகக் கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் இதே வம்பைத்தான் இழுக்கும்; மறுபடி ஓட்டும்போது நேரம் மாறியிருக்குமே. மாற்றத்தை, பழைய வழியையும் புது வழியையும் பிரித்து வைக்கும் வெர்ஷனிங் வசதிக்குள் வையுங்கள். பழையவை பழைய வழியில் ஓடி முடியட்டும்.

கேள்வி: எல்லா டீம்களின் வொர்க்ஃப்ளோக்களையும் ஒரே டீம் எழுதலாமா?

வேண்டாம். எஞ்சினை, எல்லா டீம்களுக்கும் பொதுவான கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பிளாட்ஃபார்ம் டீம் பராமரிக்கட்டும். ஆர்டர் வொர்க்ஃப்ளோவை ஆர்டர் டீமே எழுதட்டும். இல்லையென்றால் ஒரு வரி மாற்றத்துக்கும் டிக்கெட் போட்டுக் காத்திருப்பீர்கள்.