மூலிகை ஊறவைத்த எண்ணெயால் வீட்டு சோப்புக்கு நிறம் வருமா? எனக்குப் பழுப்புதான் வருகிறது.

வரும். நீங்கள் செம்பருத்தியோ சங்குப்பூவோ பீட்ரூட்டோ போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அந்த நிறங்களெல்லாம் தண்ணீரில் கரைபவை, எண்ணெயில் இறங்காது. சாறு பிழிந்து ஊற்றினாலும் காஸ்டிக் சோடா (எண்ணெயைச் சோப்பாக்கும் காரப்பொருள்) பட்டதும் உருமாறிக் கடைசியில் பழுப்பில் வந்து நிற்கும்.

எண்ணெயிலும் இறங்கி, அந்தக் காரத்தையும் தாங்குகிற சரக்கு கொஞ்சம்தான். அன்னாட்டோ விதை மஞ்சளிலிருந்து ஆரஞ்சு வரை தரும். காலெண்டுலா இதழ் வெறும் இளமஞ்சள், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மஞ்சள் தூளை ஊறவைத்து வடித்தால் கரகரப்பு இருக்காது. காரம் பட்டவுடன் செங்கல் நிறத்துக்கு ஓடும், பதற வேண்டாம், நாள் போகப் போக மஞ்சளுக்கு இறங்கிவிடும். ஆனால் வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும்.

எனக்குப் பிடித்தது வேம்பாளம்பட்டை. தலைக்குத் தேய்க்கும் எண்ணெயைச் சிவப்பாக்க எல்லோரும் போடுவதுதான். சோப்பில் அது ஊதாவாகிவிடும். இதனால் எனக்கு ஒரு கெட்ட பெயரும் வந்தது.

என் அலமாரியில் இருந்த வேம்பாளம்பட்டை எண்ணெய் பாட்டிலை நாத்தனார் பார்த்தாள், ரத்தச் சிவப்பு. பக்கத்திலேயே ஊதா சோப்புக் கட்டிகள். "அண்ணி, உண்மையைச் சொல்லுங்க, கலர் பொடி கலக்கிட்டுத்தானே இயற்கைன்னு சொல்றீங்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். நான் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் சலவை சோடா (அதுவும் காரம்தான்) கரைத்து, அந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே மிதக்க, அடித் தண்ணீர் நீலமாகிக்கொண்டே வந்தது. அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தேன். நுரைத்துப் பொங்கியது, நீலம் போய் மறுபடி சிவப்பு. "ஓ" என்றாள், அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போகும்போது ரெண்டு கட்டி எடுத்துப் போனாள்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும்: சொந்தக்காரர்கள் காசு கொடுத்து சோப்பு வாங்குவதே இல்லை. கையால் செய்ததுதானே என்பார்கள். எண்ணெய் விலை யார் கொடுப்பது? எடுத்துப் போய் ஒரு வாரம் கழித்து "நுரை பத்தலை" என்று குறை வேறு.

சரி, செய்முறை. மூலிகை சருகாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் எண்ணெய் கெட்டுவிடும். ஜாடியில் போட்டு எண்ணெய் ஊற்றி 4 முதல் 6 வாரம் வைக்கலாம். அவசரமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஜாடியை வைத்து, சிறு தீயில் சில மணி நேரம். கொதிக்க விடாதீர்கள். துணியில் வடித்த பிறகு எடை போடுங்கள், முன்பு அல்ல. பட்டையும் இதழும் கொஞ்சம் எண்ணெயைக் குடித்துவிடும், எண்ணெய் எடைக்கு எவ்வளவு காஸ்டிக் என்ற கணக்கு இடிக்கும். கணக்கு மற்றபடி அதே எண்ணெய்க்கு உள்ளதுதான். மொத்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு வேம்பாளம்பட்டை ஊறிய எண்ணெயாக இருந்தால் மெல்லிய ஊதா, கூட்டினால் அடர்த்தி. பச்சை நிறத்தில் இருக்கும் ஆலிவ் எண்ணெய் நிறத்தை மங்கலாக்கும், தேங்காய் எண்ணெய் அதிகமுள்ள கலவையில் நிறம் தெளிவாகத் தெரியும்.

"காஸ்டிக் சோடா போட்டால் அது இயற்கையா" என்று கேட்க வருகிறவர்களுக்கு: கட்டி சோப்பு அது இல்லாமல் வராது. அளவு சரியாக இருந்தால் முழுக்க எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிவிடும், தனியாக மிஞ்சாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காஸ்டிக்கைத் தண்ணீரில் போடுங்கள், தண்ணீரை அதன் மேல் ஊற்றாதீர்கள்.

அச்சில் ஊற்றிய அன்றே நிறத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வேம்பாளம்பட்டை முதலில் சாம்பலாகத் தெரியும். வெளிச்சம் படாத இடத்தில் ஒரு மாதம் காய விட்டு அப்புறம் பாருங்கள்.