சி.எம்.எஸ். சபையும் எஸ்.பி.ஜி. சபையும் எப்படி ஒன்றாயின?

நெல்லைப் பெரியவர்கள் இன்றும் ‘சி.எம்.எஸ். ஊர்’, ‘எஸ்.பி.ஜி. ஊர்’ என்று பிரித்துச் சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சி.எம்.எஸ். என்பது சர்ச் மிஷனரி சொசைட்டி; எஸ்.பி.ஜி. என்பது நற்செய்தி பரப்பும் சங்கம் (Society for the Propagation of the Gospel). இரண்டுமே ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த, மிஷன்கள்தாம். ஆனால் பாளையங்கோட்டையை மையமாகக் கொண்டு சி.எம்.எஸ்.ஸும், நாசரேத், இடையன்குடி வட்டாரங்களில் எஸ்.பி.ஜி.யும் தனித்தனியே சபைகளை வளர்த்தன. 1877இல் சி.எம்.எஸ். மிஷனரி சார்ஜென்ட், எஸ்.பி.ஜி. மிஷனரி கால்டுவெல் இருவரும் ஒரே நாளில் உதவிப் பேராயர்களாக அபிஷேகம் பெற்றும், ஆளுக்கொரு மிஷனின் சபைகளையே கவனித்தார்கள் என்றால், அந்தப் பாகுபாடு எவ்வளவு ஊறியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1896இல் சாமுவேல் மோர்லி திருநெல்வேலியின் முதல் பேராயரானதும் இரு தரப்புக்கும் தலைவர் ஒருவரானார். நாம் ஊசிக்கோபுரம் என்றழைக்கும் பாளையங்கோட்டை தூய திரித்துவ ஆலயமே இன்று பேராலயம்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் இணைந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) உருவானது. இங்குள்ள சபைகள் ஆங்கிலிக்கன் வழியில் வந்தவை என்பதால், ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்களுக்கு அப்போது பெரிய மாற்றம் தெரிந்திராது என்றே நினைக்கிறேன்.