கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் சந்தியை கணினியில் முப்பரிமாணத்தில் காட்ட ஒவ்வொரு கட்டடமாக வரைய வேண்டுமா?

வேண்டியதில்லை. சிட்டிஎஞ்சின் போன்ற மென்பொருளில் நாம் கட்டடத்தை வரைவதில்லை, விதியை எழுதுகிறோம்: வீதி எல்லையிலிருந்து இத்தனை மீற்றர் உள்ளே, இரண்டு மாடி, ஓட்டுக் கூரை. அதை 200 காணிக்குக் கொடுத்தால் 200 கட்டடமும் எழும்பிவிடும். மாடி எண்ணிக்கையை மாற்றினால் எல்லாம் சேர்ந்தே மாறும்.

உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கப்போவது சிட்டிஎஞ்சினின் புதிய பதிப்புகளில் வந்திருக்கும் வீதி வடிவமைப்புக் கருவிதான். முன்பு வீதிக்கு ஒரு அகலம், இருபக்கமும் நடைபாதை. மிச்சத்தை விதியாக எழுதித் தலையை உடைக்க வேண்டும். இப்போது வாகனத் தடம், சைக்கிள் பாதை, நடைபாதை என்று ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாக மாற்றலாம். ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளுக்கு ஒன்றரை மீற்றர் ஒதுக்கினால் பஸ் திரும்ப இடம் மிஞ்சுமா என்று ஊர்ச் சனத்துக்கே படமாகக் காட்டலாம். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து வீதிகளைத் தரவிறக்கலாம். சரி, ஆனால் வாய்க்காலும் மதகும் அதில் முழுசாக இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அளவு நாடாவோடு ஒருநாள் நேரில் போய் அளந்து வாருங்கள். அப்புறம், வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றனவா என்று மென்பொருளின் அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.